மூட்டை எங்கே அவிழ்கிறது?

மாதத்தின் முதல் சனிக்கிழமை. தென்காசிப் பக்கம் ஒரு சிற்றூர். ரேஷன் கடை திறக்க இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. வாசலில் ஆட்களைக் காணோம். பைகள்தான் வரிசையில் நிற்கின்றன. ஒயர் கூடை, உரச்சாக்கு, ஜவுளிக்கடைப் பை, நடுவே ஒரு செங்கல். அந்தச் செங்கலுக்கும் ஓர் ஆள் உண்டு. எதிர்த் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த ஆச்சிதான் அது.

கடை திறந்து அவர் முறை வந்தது. விற்பனையாளர் கைரேகைக் கருவியை நீட்டினார்.

"ஆச்சி, நல்லா அமுக்குங்க."

"எய்யா, இதுக்கு மேல எங்க அமுக்க?"

நாற்பது வருடம் பீடி சுற்றிய விரல். ரேகை இருந்த இடம் மழமழவென்று இருக்கிறது. விற்பனையாளர் துணியால் விரலைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். அடுத்த விரல், அடுத்த கை என்று மாற்றிப் பார்த்தார். ஐந்து முறையும் பொருந்தவில்லை. கடைசியில் அட்டையோடு இணைத்திருந்த செல்போன் எண்ணுக்கு ஓ.டி.பி. போனது. அந்தப் போன் திருப்பூரில், பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் மகனிடம் இருக்கிறது. மகன் ஷிப்டில் இருந்தார். அவர் போனை எடுத்து எண்ணைச் சொல்ல ஒன்றே கால் மணி நேரம் ஆயிற்று. அதுவரை ஓரமாக உட்கார்ந்திருந்த ஆச்சி 12 கிலோ புழுங்கல் அரிசியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்தார். விற்பனையாளர் மேல் அவருக்கு வருத்தம் எதுவும் இல்லை. "அந்தப் பிள்ளை என்ன செய்யும், மிஷின் கேக்கணும்லா" என்றார்.

அன்று சாயங்காலம் அதே தெருவுக்கு ஒரு டி.வி.எஸ். 50 வந்தது. "அக்கா, அரிசி இருக்கா?" என்று குரல் கொடுத்தவர் கையில் தூக்குத் தராசு. கிலோ எட்டு ரூபாய். ரேகை கேட்கவில்லை, ஓ.டி.பி. கேட்கவில்லை. ஏழெட்டு வீடுகளில் வாங்கி முடித்தபோது வண்டியின் முன்னும் பின்னும் சாக்கு நிறைந்திருந்தது. அங்கிருந்து புளியரைச் சோதனைச் சாவடி வெகுதூரம் இல்லை. அதைத் தாண்டினால் கேரளம்.

சொந்த அரிசியை வாங்க ஆச்சி ஒன்றே கால் மணி நேரம் காத்திருந்தார். அடுத்தவர் அரிசியைக் கொண்டுபோனவர் பத்து நிமிடம்கூட எங்கும் நிற்கவில்லை. நலத்திட்ட முறைகேடு என்று பேச்செடுக்கும்போதெல்லாம் இந்த இரண்டு காட்சிகளும் சேர்ந்தே எனக்கு நினைவுக்கு வருகின்றன.

ரேஷன் என்பது ஏழைகள்மேல் இரக்கப்பட்டு வந்த ஏற்பாடு என்று பலர் நினைக்கிறார்கள். அது பயத்தில் பிறந்தது. 1942 மார்ச்சில் ஜப்பான் படை ரங்கூனைப் பிடித்தது. அதுவரை சென்னை மாகாணத்துக்குக் கப்பலில் வந்துகொண்டிருந்த பர்மா அரிசி நின்றுபோனது. அடுத்த வருடம் வங்கத்தில் பஞ்சம். ஏறக்குறைய 30 லட்சம் பேர் செத்தார்கள் என்பது அமர்த்தியா சென்னின் கணக்கு. ஒன்பது வயதுச் சிறுவனாகச் சாந்திநிகேதனில் அந்தப் பஞ்சத்தைக் கண்ணால் பார்த்தவர் அவர். கல்கத்தாவில் போர்ச் சாமான் செய்த தொழிலாளருக்கு மலிவு விலையில் அரிசி போய்க்கொண்டிருந்தது; அந்த அரிசியை விளைவித்த கிராமத்து மக்கள் அதே நகரத்து நடைபாதையில் விழுந்து கிடந்தார்கள். 1943-ல் உணவு தானியக் கொள்கைக் குழு, ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்களில் பங்கீட்டு முறை வேண்டும் என்று பரிந்துரைத்தது. நகரம் கொதித்துவிடக் கூடாது, போர் தடைபடக் கூடாது. பிரிட்டிஷ் அரசின் கவலை அதுதான். கிராமம் அந்தக் கணக்கிலேயே வரவில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகும் கட்டுப்பாடு தொடர்ந்தது. 1952-ல் முதலமைச்சரான ராஜாஜி அந்த ஆண்டே உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார். விளைச்சல் கைகொடுத்தவரை சிக்கல் இல்லை. அறுபதுகளின் நடுவில் மழை பொய்த்தது. அமெரிக்காவிலிருந்து பி.எல். 480 ஒப்பந்தத்தின் கீழ் வந்த கோதுமையை நம்பி நாடு உயிர் பிழைத்தது. அப்போது மத்திய உணவு அமைச்சர் சி. சுப்பிரமணியம். இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரி 14-ம் தேதி, பொங்கல் சமயத்தில் தொடங்கப்பட்டது. அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில் அமைந்தது. நெல் விளையும் ஊரிலிருந்தே கணக்கைத் தொடங்கினார்கள்.

1967 தேர்தலை அரிசி தீர்மானித்தது என்று சொன்னால் மிகையில்லை. இந்தி எதிர்ப்பும் இருந்தது. ஆனால் அரிசிக் கடை வாசலில் கால்கடுக்க நின்ற பெண்களின் கோபம் அதற்குக் குறைந்ததல்ல. ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று தி.மு.க. சொன்னது. ஆட்சிக்கு வந்த அண்ணா சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி கொடுத்தும் பார்த்தார். கஜானா தாங்கவில்லை. அந்தத் தோல்வி ஒரு பாடம் சொல்லிக்கொடுத்தது: அரிசியை மலிவாகக் கொடுப்பேன் என்று வாக்குறுதி கொடுத்தால் போதாது, நெல்லை வாங்கவும் அரைக்கவும் சேமிக்கவும் ஏற்றி இறக்கவும் அரசுக்குச் சொந்தமாகக் கைகால் வேண்டும். 1972-ல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் வந்தது. சில்லறை விற்பனைக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் இருந்தன. 1904-லேயே திருவல்லிக்கேணியில் கூட்டுறவுப் பண்டகசாலை கண்ட ஊருக்கு அது புதிதும் அல்ல. வட மாநிலங்கள் பலவற்றில் ரேஷன் கடை தனியார் டீலர் கையில் இருந்தபோது இங்கே கூட்டுறவுச் சங்க ஊழியர் தராசு பிடித்தார். இந்த வேறுபாட்டைச் சின்னதாக நினைக்கக் கூடாது. தமிழ்நாட்டு ரேஷனின் முதுகெலும்பே அதுதான்.

1997-ல் மத்திய அரசு கோடு ஒன்றைப் போட்டது. வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவருக்கு மலிவு அரிசி, மேலே இருப்பவருக்குக் கிட்டத்தட்ட முழு விலை. தமிழ்நாடு அந்தக் கோட்டை ஏற்கவில்லை. எல்லாருக்கும் ஒரே கடை, ஒரே விலை என்று நின்றது. 2006-ல் கிலோ 2 ரூபாய், 2008-ல் 1 ரூபாய், 2011 ஜூன் முதல் விலையில்லா அரிசி. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 2016 நவம்பரில் சேர்ந்தபோதும் அனைவருக்குமான முறையை விடவில்லை. இன்று 2.2 கோடிக்கு மேற்பட்ட அட்டைகள், 34,000-க்கு மேற்பட்ட கடைகள்.

"கார்ல வந்து ரேஷன் அரிசி வாங்குறான் சார். வாங்கி மாட்டுக்குப் போடுறான்." இந்தப் பேச்சைக் கேட்காத ஆள் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. கார் வைத்திருப்பவர் அரிசி வாங்குவது தவறு என்பதில் எனக்கும் இரண்டாவது கருத்து இல்லை. அவருக்குச் சர்க்கரை அட்டை இருக்கிறது, எந்தப் பொருளும் வேண்டாம் என்ற அட்டை இருக்கிறது, மாற்றிக்கொள்ளலாம். ஆனால் திருட்டைத் தேடிக் கடை வரிசைக்குப் போவது, ஏரியின் மதகு உடைந்து கிடக்கும்போது குடத்தின் கீறலை அடைப்பது போன்றது.

மூட்டை அவிழும் இடங்களைப் பார்ப்போம். நெல் கொள்முதல் நிலையத்திலேயே முதல் முடிச்சு அவிழ்கிறது. டெல்டாவில் எந்த விவசாயியிடம் வேண்டுமானாலும் கேளுங்கள். 40 கிலோ சிப்பத்துக்கு எவ்வளவு "கொடுக்கணும்" என்பதை உரத்தின் விலையைச் சொல்வது போலச் சாதாரணமாகச் சொல்வார். கொடுக்காவிட்டால் ஈரப்பதம் கூடுதல் என்று நெல் திரும்பும். மழை மேகம் கூடி நிற்கும்போது ரோட்டோரத்தில் குவித்த நெல்லோடு எத்தனை நாள் பேரம் பேச முடியும்?

அடுத்தது அரவை. இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அரசு கொள்முதல் செய்த நெல் தனியார் அரவை முகவர்களிடம் போகிறது. 100 கிலோ நெல்லுக்கு 68 கிலோ புழுங்கல் அரிசியாக அவர்கள் திருப்பித் தர வேண்டும். வாங்கிய அதே நெல்லின் அரிசிதான் திரும்புகிறதா என்று பார்ப்பது எளிதல்ல. நல்ல நெல்லை அரைத்து வெளிச்சந்தையில் விற்றுவிட்டு, எங்கிருந்தோ மலிவாக வாங்கிய பழைய அரிசியைக் கணக்குக்குக் கட்டும் வழி இருக்கிறது. அந்த மலிவு அரிசி எங்கிருந்து வரும்? தெருத்தெருவாக எட்டு ரூபாய்க்கு வாங்கப்பட்ட ரேஷன் அரிசி பாலிஷ் ஆகி, புதுச் சாக்கில் ஏறி, மீண்டும் அரசுக் கிடங்குக்கே வந்து சேர்ந்த கதைகள் பல மாநிலங்களில் வெளிவந்திருக்கின்றன. ஒரே அரிசிக்கு அரசு இரண்டு முறை பணம் கொடுக்கிறது. ஒரு கிலோ அரிசியை வாங்கி, அரைத்து, சேமித்து, கொண்டுவந்து சேர்க்க ஏறக்குறைய 40 ரூபாய் ஆகிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்தச் சுற்றைப் பாருங்கள்.

கிடங்கிலிருந்து வரும் மூட்டையில் எடை குறைவு என்பது விற்பனையாளர்களின் நெடுநாள் புலம்பல். 50 கிலோ என்று எழுதிய மூட்டையில் இரண்டு மூன்று கிலோ குறைந்தே வருகிறது என்கிறார்கள். ஆய்வுக்கு வரும் அதிகாரி இருப்புக் குறைவுக்கு விற்பனையாளருக்குத்தான் அபராதம் போடுவார். அந்தக் குறைவை ஈடுகட்ட அவர் தராசில் கை வைக்கிறார். அல்லது வராத அட்டைக்குப் பில் போடுகிறார். வீட்டில் உட்கார்ந்திருக்கும் உங்கள் செல்போனுக்கு, நீங்கள் வாங்காத அரிசியை வாங்கியதாகக் குறுஞ்செய்தி வந்தது இப்படித்தான். நேர்மையான விற்பனையாளர் நிறைய பேர் இருக்கிறார்கள். சொந்தச் சம்பளத்திலிருந்து அபராதம் கட்டியவர்களும் இருக்கிறார்கள். மேலே அவிழ்ந்த மூட்டைக்குக் கீழே இருப்பவர் கணக்குச் சொல்கிறார்.

சாலையில் நடப்பதைச் சொல்லவே வேண்டாம். தெற்கே களியக்காவிளை, மேற்கே புளியரை, கம்பம் மெட்டு, வாளையார். வடக்கே ஆந்திர எல்லை, ஜோலார்பேட்டை வழியாகக் கர்நாடகம் போகும் ரயில்கள். இதற்கென்றே குடிமைப் பொருள் குற்றப் புலனாய்வுத் துறை என்று தனிப் போலீஸ் பிரிவு தமிழ்நாட்டில் இருக்கிறது. பிடிபடுபவர்களில் பெரும்பாலோர் ஓட்டுநர்கள், சுமை தூக்குபவர்கள், ரயில் சீட்டுக்கடியில் பத்துப் பதினைந்து பைகளைத் திணித்த பெண்கள். சாக்கைக் கடைசியில் வாங்கும் முதலாளியின் பெயர் செய்தியில் அபூர்வமாகத்தான் வருகிறது. ஆந்திரத்தின் காக்கிநாடா துறைமுகத்தில் 2024 நவம்பரில் மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போகவிருந்த கப்பலில் ரேஷன் அரிசி இருப்பதாகக் கண்டுபிடித்து நிறுத்தினார்கள். கப்பல் நிறைக்கும் அரிசியை எந்த ஆச்சியும் இடுப்பில் தூக்கிக்கொண்டு போயிருக்க முடியாது.

நாடு முழுவதும் எவ்வளவு கசிகிறது? 2004-05-ல் ரேஷன் தானியத்தில் பாதிக்கு மேல், 54 சதவீதம், மக்களிடம் போய்ச் சேரவில்லை என்று பொருளாதார அறிஞர்கள் ழான் திரேஸ், ரீத்திகா கேரா கணக்கிட்டார்கள். 2011-12-ல் அது 42 ஆகக் குறைந்தது. 2022-23 குடும்பச் செலவுக் கணக்கெடுப்பை வைத்து இக்ரியர் நிறுவனம் செய்த ஆய்வு 28 சதவீதம் என்றது. எடையில் ஏறக்குறைய 2 கோடி டன். கணக்கிடும் முறை பற்றிக் கேள்விகள் இருக்கின்றன; திசை மட்டும் தெளிவு. சத்தீஸ்கர் 2004-ல் தனியார் டீலர்களிடமிருந்து கடைகளைப் பிடுங்கி ஊராட்சிகளுக்கும் மகளிர் குழுக்களுக்கும் கூட்டுறவுகளுக்கும் கொடுத்த பிறகு அங்கே கசிவு மளமளவென்று குறைந்தது. கடையை நடத்துபவர் யார் என்பதை மாற்றியதால் வந்த பலன் அது.

இன்னொரு வழியை ஆட்சியாளர்கள் அடிக்கடி விரும்புகிறார்கள். வாங்குபவர்களைக் குறைப்பது. 1997-ன் கோடு அப்படி வந்ததுதான். அதன் விளைவு? 2004-05-ல் கிராமப்புற ஏழைக் குடும்பங்களில் ஏறக்குறைய பாதியிடம் வறுமைக்கோட்டு அட்டையே இல்லை. 2001-ல் ராஜஸ்தானில் மக்கள் பட்டினி கிடந்தபோது உணவுக் கழகக் கிடங்குகளில் தானியம் வழிந்துகொண்டிருந்தது. அந்த ஆண்டுதான் மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டியது. 2017-ல் ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். ஆதாரை இணைக்காததால் குடும்பத்தின் ரேஷன் அட்டை நீக்கப்பட்டிருந்தது. சோறு கேட்டுக்கொண்டே பிள்ளை செத்தது என்றார் தாய். மலேரியா என்றது அரசு. அந்த வீட்டுக்கு மாதக்கணக்கில் ரேஷன் தானியம் போகவில்லை என்பதில் தகராறு இல்லை. போலி அட்டைகளை ஒழிக்கிறோம் என்ற நடவடிக்கையில் நீக்கப்பட்ட அட்டை அது.

அரிசியே வேண்டாம், வங்கிக் கணக்கில் நேரடியாகப் பணமாகப் போட்டுவிடலாம், இடைத்தரகர் ஒழிவார்கள் என்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் 2020-ஐ மறந்திருக்க மாட்டார்கள். விவசாயிகளுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பி.எம். கிசான் திட்டத்தில், கொரோனா மாதங்களில், தமிழ்நாட்டில் மட்டும் 5 லட்சத்துக்கு மேற்பட்ட தகுதியில்லாத பெயர்கள் ஏறின. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் என்று 13 மாவட்டங்கள். அதிகாரிகளின் பாஸ்வேர்டு தரகர்களுக்குக் கிடைத்திருந்தது. 110 கோடி ரூபாய் போனது என்று அன்றைய வேளாண் துறைச் செயலரே அறிவித்தார். "கொரோனா பணம் வருது, ஆதாரையும் பாஸ்புக்கையும் கொடுங்க" என்று சொல்லி வாங்கிப் பதிவு செய்த தரகர் தன் பங்கை எடுத்துக்கொண்டார்; பின்னால் பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்லி ஆள் வந்தபோது வாசலில் நின்றவர்கள் கூலிக்காரர்கள். கணினிக்கு வந்தாலும் திருட்டு அதே படிக்கட்டில்தான் இறங்குகிறது.

எட்டு ரூபாய்க்கு அரிசி விற்கும் வீடுகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அந்தத் தெருவில் ஓர் அம்மா தன் அரிசியை முறத்தில் கொட்டிக் காட்டினார். கறுப்புக் கட்டி, உடைசல், பழைய சாக்கு வாடை. "இட்லிக்குப் போடலாம் சார், பூ மாதிரி வரும். மாசத்துக்கு நாலு கிலோ போதும். சோத்துக்கு வடிச்சா பிள்ளைங்க தட்டைத் தள்ளி வைக்குது." மிச்சத்தை விற்று, கையிலிருந்து காசு போட்டு, கடையில் பொன்னி அரிசி வாங்குகிறார். சட்டப்படி இது தவறு. நானும் சரியென்று சொல்ல மாட்டேன். ஆனால் 40 ரூபாய் செலவழித்து அரசு கொடுத்த அரிசி ஒரு தாயின் கையில் எட்டு ரூபாய்தான் பெறுகிறது என்றால், இடையில் 32 ரூபாயை யார் தின்றது என்ற கேள்வி அந்தத் தாயிடம் கேட்க வேண்டியதல்ல. அரவையில் நல்ல அரிசி வந்திருந்தால் டி.வி.எஸ். 50 அந்தத் தெருவுக்குள் வந்திருக்காது. அதே வீட்டில் துவரம் பருப்பையும் பாமாயிலையும் யாரும் விற்பதில்லை. 30 ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு கிலோ பருப்பு அன்றே டப்பாவுக்குள் போய்விடுகிறது.

குறிப்பிட்ட வயது கடந்த முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே பொருள் கொண்டுவரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியிருக்கிறது. நல்ல காரியம். பீடி ஆச்சிக்கு அந்த வயது ஆக இன்னும் நாலு வருடம் இருக்கிறது. அதுவரை அவர் விரல் பொருந்தாவிட்டால் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அரிசி கொடுக்கும் அதிகாரம் விற்பனையாளருக்கு வேண்டும். அவர் அதைத் தயங்காமல் பயன்படுத்த மேலதிகாரியின் ஆதரவும் வேண்டும். கடுமையை அரவை ஆலை வாசலில் காட்டட்டும். எந்த ஆலை எத்தனை டன் நெல் எடுத்தது, எந்தத் தேதியில் எந்தக் கிடங்குக்கு எவ்வளவு அரிசி கட்டியது, அதில் எவ்வளவு தரமில்லை என்று திருப்பப்பட்டது என்பதை மாவட்டவாரியாக மாதாமாதம் அரசு வெளியிட வேண்டும். கடை வாசலில் இருப்புப் பலகை எழுதச் சொல்லும் அரசுக்கு ஆலை வாசலில் ஒரு பலகை வைப்பது பெரிய வேலை இல்லை.

படிப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ரேஷன் அரிசி உங்கள் வீட்டுக்குத் தேவையில்லை என்றால் அட்டையைச் சர்க்கரை அட்டையாக மாற்றிக்கொள்ளுங்கள். சும்மா விட்டுவைத்த அட்டையில்தான் வேறு யாரோ பில் போடுகிறார்கள். வாங்காத பொருளுக்குக் குறுஞ்செய்தி வந்தால் அழித்துவிடாதீர்கள். கட்டணமில்லாத புகார் எண் ஒன்று இருக்கிறது: 1967. அழைத்து, அட்டை எண்ணையும் கடை எண்ணையும் சொல்லி, புகார் எண்ணை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.